பறக்கும் ரயிலுக்குக் கீழே

பறக்கும் ரயிலில் மயிலாப்பூரைக் கடக்கும்போது கீழே பார்த்தால், கறுப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்பது தெரியும். சாக்கடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பக்கிங்காம் கால்வாய். படகு ஓடிய வழி. இன்று அதன் படுகையில் ரயில்பாதையின் தூண்கள் நிற்கின்றன. கைவிடப்பட்ட நீர்வழி ஒன்று போக்குவரத்துக்குப் பயன்பட்டது, நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். என்னால் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

இந்தக் கால்வாய் வெட்டத் தொடங்கியது 1806-ல், எண்ணூர்ப் பக்கம். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877–78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் பசியால் வந்தவர்கள். பெயர் மட்டும் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனுடையது. அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த நிவாரணக் கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். பெண்ணுக்கு அதிலும் குறைவு. கூடை சுமப்பவளுக்குப் பசி குறைவு என்று யார் கணக்குப் போட்டார்களோ!

சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்ததை எங்கள் ஆயா பார்த்திருக்கிறார். படகைக் கயிறு கட்டிக் கரையோரம் இழுத்துப் போவார்களாம். விறகு இறங்கும் நாளில் சிதறும் பட்டைகளைப் பொறுக்கி வந்தால் ஒரு வாரத்து அடுப்புக்கு ஆகும் என்பார். 1965, 66 புயல்களில் கால்வாய் சேதமானது. படகுகள் குறைந்து, பிறகு நின்றே போயின. ஊர்க் கழிவெல்லாம் அதில் சேர்ந்தது. நகரத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் கரையில் குடிசை போட்டோம். ரயில்பாதைக்கும் இடம் தேவைப்பட்டபோது, யாரிடமும் அதிகம் விலை பேசாமல் கிடைத்த இடம் இந்தக் கால்வாய்தான். 1995-ல் சேப்பாக்கம் வரை வந்த ரயில் 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டது, 2007-ல் வேளச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கரையைக் காலி செய்யக் கணக்கெடுக்க வந்தார்கள். தாளில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம், தொழில் என்று ஒரு கட்டம். அப்பாவின் பெயரை எழுதி, ரிக்‌ஷா என்று எழுதினார்கள். அம்மா மாடவீதியைச் சுற்றி நான்கு வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாடகையும் அரிசியும் பள்ளிக்கூடச் செலவும் அந்தக் கைகளிலிருந்துதான் வந்தன. "நானும் வேலைக்குப் போறேன், எழுதிக்கோங்க சார்" என்றார் அம்மா. "அதெல்லாம் வேணாம்மா, வீட்டுக்கு ஒருத்தர் போதும்" என்று அடுத்த குடிசைக்குப் போய்விட்டார் வந்தவர்.

எங்களுக்குக் கண்ணகி நகரில் வீடு கிடைத்தது. தளம் போட்ட வீடு, பூட்டக் கதவு, மழைக்கு ஒழுகாத கூரை. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிட நடையில் இருந்த அம்மாவின் வேலை 15 கிலோமீட்டர் தள்ளிப் போனது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, இருட்டில் பஸ்ஸுக்கு நின்று, ஏழு மணிக்கு முதல் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். நான்கு வீடு இரண்டானது. சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே போனது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். கால்வாய்மேல் ஓடிய ரயில் எங்கள் புதிய வாசலுக்கு வரவில்லை.

மெரினாவிலிருந்து 2001-ல் அகற்றப்பட்ட கண்ணகி சிலை 2006-ல் திரும்ப அங்கேயே நிறுத்தப்பட்டது. அரசனிடம் நீதி கேட்டவளுக்குத் திரும்பி வர வழி இருந்தது. அவள் பெயரில் இருக்கும் நகருக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு அது இல்லை.

எங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள். நீரோட்டத்தை மறிக்கிறோமாம். ஓலையும் தகரமும் மறித்ததாகச் சொல்லப்பட்ட அதே படுகையில்தான் கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. 2008-ல் இந்தக் கால்வாயையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். மயிலாப்பூரில் அந்தத் தூண்களுக்கு நடுவே படகு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்ணகி நகரிலிருந்து வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்பதை, மாதக் கடைசியில் சில்லறை எண்ணியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அம்மாவுக்கு அதற்குள் முட்டி தேய்ந்து, படியேற முடியாமல் போயிருந்தது. "இப்பத்தான் வுட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது கால்வாயை மீட்பது பற்றிப் பேசுகிறார்கள். மீட்கட்டும். நல்ல தண்ணீர் ஓடினால் முதலில் மகிழ்வது எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் மறுபடியும் ஒரு தாளோடு யாராவது கரைக்கு வருவார்கள். அந்தத் தாளில் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக ஒரு வரி வேண்டும்: என்ன வேலை, எங்கே வேலை, நடந்து போக எத்தனை நிமிடம். அந்த நிமிடங்களைக் கணக்கில் எடுக்காமல் கொடுக்கும் வீட்டுக்கு, அவள்தான் தினமும் விடிகாலையில் எழுந்து வாடகை கட்ட வேண்டியிருக்கும்.