பூந்தியின் கணக்கு நோட்டு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அதில் ஒருத்தியின் எடை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டில் ஏறும். மற்ற நான்கு பேரும் எடை மெஷின் பக்கமே போவதில்லை.

பூந்தி எங்கள் நாய். லாப்ரடார், பெண், வயது பத்து. பெயர் வைத்தது என் அம்மா. குட்டியாக வந்தபோது அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த பூந்தி நிறத்தில் உருண்டையாக இருந்தாளாம். பெயர் வைத்த நேரமோ என்னவோ, அந்த உருண்டை மட்டும் மாறவே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பா கும்பகோணம் வீட்டைக் காலி செய்துவிட்டு திருச்சிக்கு எங்களோடு வந்துவிட்டார். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி, அம்மாவின் தையல் மெஷின், பூந்தி. வேனிலிருந்து தையல் மெஷினை ஒரு ஆள் தூக்கி இறக்கினார். பூந்தியை இறக்க மூன்று பேர் தேவைப்பட்டது. "தாத்தா, இது நாயா, கரடிக்குட்டியா?" என்றான் என் மகன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க பாட்டி வளர்ப்புடா!" என்றார்.

நம் ஊரில் 'கொழுக் மொழுக்'தான் நல்ல வளர்ப்புக்கு அடையாளம், குழந்தையானாலும் நாயானாலும். போனைத் திறந்தால், உருள முடியாமல் உருளும் குண்டு நாய்களின் வீடியோக்களுக்கு லட்சக்கணக்கில் லைக். எனக்கு அவற்றைப் பார்த்துச் சிரிக்க வருவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, ஃபேன் சத்தத்தையும் மீறி ஹாலிலிருந்து கேட்கும் அந்த மூச்சிரைப்பு எனக்குத் தெரியும்.

முதல் முறை எடை பார்த்தது தெருமுனை அரிசி மண்டியில். தராசு மேடையில் பிஸ்கட்டைக் காட்டித்தான் ஏற்றினோம். 41 கிலோ 200 கிராம். "ஒன்றரை மூட்டைக்கு மேல வருதே சார்" என்றார் மண்டிக்காரர். பெண் லாப்ரடார் என்றால் 25-லிருந்து 32 கிலோ வரை இருக்கலாம். அதாவது பூந்தி தன்னோடு கூடவே கிட்டத்தட்ட பத்து கிலோ அரிசிப் பையையும் முதுகில் சுமந்துகொண்டு நடந்தாள்.

எடை எண்ணைவிட முக்கியமான ஒரு சோதனையைக் கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். நாயின் விலா எலும்பின்மேல் விரல்களை வைத்து லேசாகத் தடவ வேண்டும். கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எப்படி எலும்பு தட்டுப்படுகிறதோ, அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. மடக்கிய முஷ்டியின் முட்டிகள்போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தொடுவதுபோல மெத்தென்று இருந்தால் குண்டு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். இதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் உண்டு. நாலோ ஐந்தோ வாங்கினால் பாஸ். பூந்தி வாங்கியது எட்டு. "அதிக மார்க் வாங்கினதுக்குத் திட்டு வாங்கினது இவ ஒருத்திதான்" என்றார் என் கணவர்.

தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது சரியாகத்தான் இருந்தது. கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்களுக்குச் சாப்பாட்டுத் தேவை குறைந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று, இந்த ஜாதியே அப்படி. 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் சின்னப் பிசகு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'வயிறு நிறைந்தது, போதும்' என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் பசி எடுத்துக்கொண்டே இருக்கும். இதைப் படித்த நாளிலிருந்து பூந்தியை யாராவது 'தின்னிப் பண்டாரம்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் எல்லாவற்றையும் மரபணு தலையில் போட்டுவிட முடியாது. பெரிய காரணம், ஈஸிசேரில் உட்கார்ந்து 'தினமலர்' படித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். அம்மா இருந்தவரை சமையலறை அம்மாவின் கட்டுப்பாட்டில். ஜாங்கிரி கூடாது, வாழைக்காய் பஜ்ஜி கூடாது, தீபாவளி மைசூர்பாகு கண்ணால் பார்க்கலாம். அப்படித் தடைசெய்யப்பட்டதெல்லாம் பூந்திக்குப் போயின. "நான்தான் சாப்பிடக் கூடாது. அவளாவது சாப்பிடட்டுமே." தன் நாக்குக்கு ஒரு வாரிசை ஏற்படுத்திக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா போன பிறகு அது இன்னும் கூடிப்போனது. காலை காபிக்கு நான்கு மாரி பிஸ்கட். பத்து மணிக்கு இட்லி. மத்தியானம் தயிர்சாதம். நாலு மணி டீக்கு மறுபடியும் பிஸ்கட், கிடைத்தால் ஒரு மெதுவடை. அந்த நாலு மணி டீ, கும்பகோணத்தில் அம்மாவும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து குடித்த டீ. இப்போது எதிரில் உட்காருவது பூந்தி. அப்பா அவளிடம் பேசுவார். கேஸ் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், முட்டிவலி எல்லாம். பேச்சுக்கு நடுவில் ஒரு பிஸ்கட். அவள் வாலாட்டினால் இன்னொன்று.

மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னார். 30 கிலோவை இலக்காக வைத்தால் பூந்திக்கு ஒரு நாளைக்கு 900 கலோரி போதும். அதில் நொறுக்குத்தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 90. ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. காலைக் காபியிலேயே அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் கொழுப்பு.

வடை, சாம்பார் என்றதும் அவர் முகம் மாறியது. வெங்காயம் நாய்களின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். "அப்ப என்னோட சுகர் ஃப்ரீ மிட்டாய் கொடுக்கலாமா டாக்டர்?" என்று அப்பா கேட்டாரே பார்க்கலாம்! மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். சர்க்கரையில்லா சூயிங்கம், மிட்டாய் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பைச் சேர்க்கிறார்கள். நமக்கு அது பெரிய கெடுதல் இல்லை. நாய்க்கோ ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். வீட்டில் சர்க்கரை நோயாளியும் நாயும் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோரும் கூடித் தடை போட்டோம். பிஸ்கட் டப்பா மேல் பரணுக்குப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு மணிக்கு நான் கொண்டுபோன டீ டம்ளர் அப்படியே ஆறிப்போய்த் திரும்பி வந்தது. மறுநாளும் அதேதான். மூன்றாவது நாள், "டீ வேண்டாம்மா, பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். பூந்தி அவர் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தப் பார்வையை எதிர்கொள்வது லேசில்லை. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது, இரண்டு பேர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் சுரப்பது கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் கண்டறிந்தார்கள். தாயும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும்போது சுரக்கும் அதே ஹார்மோன். பிஸ்கட் கேட்கிற கண்ணுக்கும் பாசத்தோடு பார்க்கிற கண்ணுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"நீ என்னை டயட்ல வச்சிருக்கே, சரி" என்றார் அப்பா ஒரு நாள். "இந்த வாயில்லா ஜீவன் என்னம்மா பாவம் பண்ணுச்சு? இன்னும் எத்தனை நாள் இருக்கப்போறா?"

அந்த வாரம்தான் பூந்தி பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டினாள். முட்டி ஜவ்வு எடை தாங்கவில்லை. வாசலில் இருக்கிற மூன்று படி ஏற முடியாமல் கீழேயே படுத்துவிட்டாள். தூக்கவும் விடவில்லை. அப்பா அவள் பக்கத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்தவர், ராத்திரி ஒன்பதரை வரை எழுந்திருக்கவில்லை. சப்பாத்தியைத் தட்டில் வைத்து அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் கிளினிக்கில் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். எத்தனை நாள் இருப்பாள்? மருத்துவர் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்திருக்கிறார்கள். முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

"ரெண்டு வருஷமா?" என்றார் அப்பா. குட்டியிலிருந்தே அப்படி வளர்த்தால்தான் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அப்பாவுக்கு அது காதில் விழுந்ததா, தெரியாது. "வீட்டுல யார் அதிகமா ஊட்டறது?" என்று கேட்ட மருத்துவர், பதிலுக்குக் காத்திருக்காமல் அளவுக் கோப்பையை அப்பா கையில் கொடுத்தார். "இனிமே டயட் இன்சார்ஜ் நீங்கதான் சார்."

அப்பா கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருடம் கேஷியர். சாயங்காலம் பத்து பைசா இடித்தால் வீட்டுக்கு வர மாட்டார் என்று அம்மா சொல்வார். அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கிவந்து நடுவில் கோடு கிழித்தார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வரவு என்றால் அவள் தின்றது. செலவு என்றால் நடந்தது.

டீயும் திரும்பி வந்தது. ஒரு மாரி பிஸ்கட்டை எட்டாக உடைத்து ஒரு கிண்ணத்தில், வெள்ளரித் துண்டுகள் இன்னொரு கிண்ணத்தில். பேச்சுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் போகும். பூந்திக்குத் துண்டின் அளவைப் பற்றிக் கவலையே இல்லை. கை எத்தனை முறை நீள்கிறது என்பதுதான் அவள் கணக்கு.

நடை காலை ஐந்தரைக்கு. திருச்சி வெயிலில் அதற்கு மேல் முடியாது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பு வேறு போர்வை மாதிரி. முதல் வாரம் தெருவிளக்குக் கம்பம்வரை. பிறகு பிள்ளையார் கோயில். இப்போது பூங்காவை இரண்டு சுற்று.

வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு குறைந்தால் போதும், பட்டினி போடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் ஒழுங்காக இறங்கிய எடை, திடீரென்று 37-ல் நின்றுவிட்டது. அப்பா நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "எங்கேயோ கணக்குல வராத வரவு இருக்கும்மா." வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். என் மகன் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்காரரிடம் பிடிபட்டது. அப்பா நின்று பேப்பர் தலைப்புச் செய்தியை அலசும் நேரத்தில், தினமும் அரை பன். "பாவம், இளைச்சுப் போச்சுங்க. வீட்ல சோறு போடறதில்லையோன்னு நினைச்சேன்" என்றார் அவர். இப்போது வெள்ளரித் துண்டு பொட்டலம் ஒன்று தினமும் இஸ்திரி வண்டிக்குப் போகிறது.

அப்பாவின் சர்க்கரையும் கூடவே குறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். குறையவில்லை. காரணம் கேட்டால் அப்பா பூந்தியைப் பார்க்கிறார், பூந்தி என்னைப் பார்க்கிறாள். அப்பாவுக்கு நோட்டுப் போட இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு பூந்தி 32 கிலோ 400 கிராம். பதினான்கு மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. இடுப்பு என்று ஒன்று இருப்பதை முதல் முறையாகப் பார்த்தோம். வாசல்படி மூன்றையும் அவளே ஏறுகிறாள், மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு. வயது பத்து என்பதை எந்த டயட்டும் மாற்றாது. முகத்தில் நரை வந்துவிட்டது.

இந்த மாதம் அம்மாவின் திதி. கும்பகோணத்தில் அம்மா தான் சாப்பிடும் முன் பூந்திக்கு ஒரு கவளம் வைக்காமல் இருந்ததில்லை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்த அப்பா, சின்ன வாழை இலை ஒன்றை நறுக்கி பூந்தியின் முன்னால் போட்டார். ஒரு கரண்டி வெறும் சோறு, உப்பில்லாமல் வேகவைத்த பூசணி, கொஞ்சம் தயிர். எல்லாம் நிறுத்துத்தான் வைத்தார். பிறகு சமையலறைக்குப் போனவர், ஒரு வடையோடு திரும்பி வந்தார். திதிச் சமையல், வெங்காயம் கிடையாது. நான் எதுவும் சொல்லவில்லை. முழு வடை. பூந்தி இரண்டே கடியில் முடித்துவிட்டு இலையையும் நக்கினாள்.

சாயங்காலம் நோட்டைப் பார்த்தேன். அன்றைய தேதியில் வரவுப் பக்கத்தில் சோறு, பூசணி, தயிர் எல்லாம் கிராம் சுத்தமாக இருந்தன. வடையைக் காணோம்.

"வடை எழுதலியேப்பா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே அப்பா சொன்னார்: "அது உங்கம்மா கணக்கு."