நீல அட்டையும் குழித்தறியும்

அந்நிய தேசத்தில் நிரந்தரவாச உரிமை பெற்ற ஒருவன், அதைப் பெறுவதற்காக எத்தனை பத்திரங்களைத் திரட்டினான், எத்தனை மாதம் தபாலை எதிர்பார்த்துக் காத்திருந்தான் என்பதையெல்லாம் கேட்பவரிடமும் கேளாதவரிடமும் விஸ்தாரமாகச் சொல்லுவானே ஒழிய, அதே உரிமையை ஒருநாள் தானாகவே திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டால், அந்தச் சமாசாரத்தை மட்டும் நெருங்கிய சிநேகிதர்களிடம்கூடத் தணிந்த குரலில்தான் சொல்லுகிறான். சிங்கப்பூரில் நான் வாழ்ந்த நெடுங்காலத்தில் கண்ட வரையில் இதற்கு விலக்கு மிகச் சொற்பம். உத்தியோகம் போயிற்றோ, வியாதியோ, குடும்பத்தில் மனஸ்தாபமோ என்று கேட்பவர்கள் மனத்துக்குள் ஊகம் பண்ணுவார்களே என்ற கூச்சம்தான் காரணம். ஊரைவிட்டுப் புறப்படுகிறவனுக்கு மாலை போட்டு அனுப்புகிற நம் ஜனங்கள், திரும்பி வருகிறவனிடம் மட்டும் சமாதானம் கேட்கிறார்கள்.

அந்நாட்டில் பிரஜைகளுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டை. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குகிற தமிழர்கள் பேச்சுவாக்கில் ‘பிங்க் ஐசி’, ‘நீல ஐசி’ என்று சொல்லிக் கொள்வதுண்டு. இந்திய தேசத்துச் சட்டம் இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதியாமையால், இளஞ்சிவப்பு அட்டையை விரும்புகிறவன் தன் பாஸ்போர்ட்டைத் துறந்தாக வேண்டும். நீல அட்டைக்காரனுக்கு அந்தத் துறவு இல்லை. உத்தியோகம் மாறலாம், மூன்று வருஷம் கழிந்தபின் குடும்பமாக, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய பழைய வீடொன்றை விலைக்கு வாங்கலாம், மத்திய சேமநிதியில் பணம் சேர்க்கலாம். அத்தனைக்கும் நடுவே சொந்த ஊருக்கும் தனக்கும் உள்ள பந்தம் அறுபடவில்லை என்று நினைத்துக்கொண்டும் இருக்கலாம். வெளியே போய்த் திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதி சாதாரணமாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கிற ஒவ்வொரு சமயமும், ‘இந்தத் தடவை மட்டும் இருக்கட்டும், அடுத்த தடவை யோசிப்போம்’ என்று தீர்மானத்தைத் தள்ளிப்போடுவதற்கு இதைவிடச் சௌகரியமான சாதனத்தை மனிதர் யாரும் கண்டுபிடித்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆண்பிள்ளை பெற்றவர்களுக்கு மாத்திரம் இந்தச் சௌகரியம் அதிக காலம் நீடிப்பதில்லை. பெற்றோரின் ஆதரவில் நிரந்தரவாசியான பையன் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயது அளவில் இரண்டு வருஷம் முழுநேரமாக ராணுவத்திலோ, போலீஸிலோ, குடிமைத் தற்காப்புப் படையிலோ சேவை செய்ய வேண்டும். அதன்பின்பும் நடுவயது வரையில் அவ்வப்போது பயிற்சிக்கு அழைப்பு வரும். ஆகையால் எங்கள் அடுக்குமாடியில் பையன் ஆறாம் வகுப்பை நெருங்குகிற வீடுகளில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவித ஆலோசனை நடக்கத் தொடங்கும். சேவை செய்யாமல் உரிமையைத் துறக்கிற பையன், பின்னொரு காலத்தில் படிப்பதற்கோ வேலை பார்ப்பதற்கோ அந்நாட்டுக்கு வர விண்ணப்பித்தால் அந்தத் துறப்பு அவனுக்குப் பாதகமாகவே கணக்கில் வைக்கப்படும் என்பதை அரசாங்கம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. இதைக் கொடுமை என்று நம்மவர் சிலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் குறையில் நியாயம் புலப்படவில்லை. குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கக்கூடிய தண்ணீரும், நடுநிசியில் ஒரு பெண்பிள்ளை தனியே நடந்து வரக்கூடிய வீதியும், தமிழையும் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்துப் பணநோட்டிலும் அச்சடித்த மரியாதையும் ஒரு தேசம் நமக்குக் கொடுக்கையில், பிள்ளையின் ஆயுளில் இரண்டு வருஷத்தை அது பதிலாகக் கேட்பது அதிகமல்ல. கொடுக்க மனமில்லாதவர்கள் மூட்டையைக் கட்டுவதும் குற்றமல்ல. மூட்டையைக் கட்டிக்கொண்டே ஏசுவதுதான் அழகல்ல. எனக்கு இருப்பது ஒரே பெண்ணாகையால் இந்தச் சோதனை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் இப்போது உத்தியோகத்தில் அமர்ந்து, தன் இஷ்டப்படி அங்கேயே இருக்கிறாள்.

முன்னோருக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் 1957ஆம் வருஷம் வந்தபோது, திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறி 1935இல் ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, தமிழர்கள் அனைவரும் பிரஜைகளாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று விடாமல் வற்புறுத்தினார். கேட்டவர்கள் வேரூன்றினார்கள். கேளாதவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். செம்பவாங்கில் இருந்த ஆங்கிலேயக் கப்பற்படைத் தளத்தில் அவருக்கு வேலை. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தளங்களை 1971க்குள் காலி செய்வதாக 1968 ஜனவரியில் லண்டன் அரசாங்கம் அறிவித்தபோது, தீவின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. அவற்றில் வேலை பார்த்தவர்களோ பல்லாயிரம் பேர். அதே சமயத்தில் மலேசியாவிலும், 1969ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் பிரஜைகளல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்து, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. யோசிப்பதற்கு ஐந்து வருஷத் தவணை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பெரியப்பா உபகாரத்தொகையை வாங்கிக்கொண்டு, காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் ஓரிக்கைக்கு வந்து சேர்ந்தார். மெத்தை வீடு ஒன்று கட்டினார். ஊரார் அதைச் ‘சிங்கப்பூரார் வீடு’ என்றே அழைத்தார்கள். அவர் காலமாகிப் பல வருஷமான பின்பும் தபால்காரருக்கு அதுதான் விலாசம். வீடெங்கும் கோடாலித் தைலத்தின் வாசனை வீசும். நாற்பது பேர் முண்டியடிக்கிற ரேஷன் கடையில் அவர் மாத்திரம் இல்லாத வரிசை ஒன்றைத் தம் மனத்திலே கற்பித்துக்கொண்டு, அதன் கடைசியில் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் காலடியில் வைத்துக் கைகட்டி நிற்பார். பின்னே வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போனபின், எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்று கடைக்காரர் சொல்லக் கேட்டுத் தகரத்துடன் திரும்பி வருவார். பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மறுவாரமும் அவர் அப்படித்தான் நிற்பார்.

எங்கள் ஊர்ப் புராணத்தை அறிந்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடனாகிய கணிகண்ணன் தன்மேல் பாட மறுத்தான் என்று பல்லவ ராஜா அவனை நாடு கடத்த, சீடனைப் பிரிய மனமில்லாத ஆழ்வாரும் கூடவே புறப்பட, ஆழ்வார் கேட்டுக்கொண்டபடி காஞ்சியின் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்து, மூவருமாக ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்பது ஐதிகம். தெய்வம் நீங்கிய காஞ்சி இருளடைந்ததைக் கண்டு ராஜா ஓடிவந்து மன்றாட, மறுநாளே மூவரும் திரும்பினார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமமும் அதனால் ஏற்பட்டது. இதுவரையில் உபந்யாசகர்கள் எல்லாரும் சொல்லுவார்கள். என் புத்தியில் சிறு வயதிலிருந்தே தங்கியிருப்பது கதையின் வால்தான்: போய்த் திரும்பியதற்கு அடையாளமாகப் பெருமாள் வழக்கத்துக்கு மாறான பக்கமாகச் சயனித்திருக்கிறார். கோயில் அதே கோயில், படுக்கை அதே ஆதிசேஷன். ஓரிரவு மட்டும் வெளியூரில் தங்கிவிட்டு வந்தவர் முன்பு படுத்தபடி படுக்கவில்லை. அப்படியிருக்க, வாலிபத்தையெல்லாம் செம்பவாங்கில் கழித்துவிட்டு வந்த பெரியப்பா ரேஷன் கடையில் பழையபடி முண்டியடிப்பார் என்று பெரியம்மா எதிர்பார்த்தது நியாயமா?

திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் மனம் கசந்து இரண்டாம் வருஷமே மறுபடி வெளியே வழி தேடுவதற்கு, நான் பார்த்த மட்டில், வெயிலும் தூசியும் லஞ்சமும் காரணமல்ல. விட்டுச்சென்ற இடத்திலேயே, விட்டுச்சென்ற ஆளாகவே வந்து உட்காரலாம் என்று அவர்கள் நம்பி வருகிறார்கள். நம் தேசத்து வருமானவரிச் சட்டம் இந்த விஷயத்தில் அவர்களைவிட விவேகமுள்ளது. பல வருஷம் வெளியில் இருந்தவனை அது எடுத்த எடுப்பில் முழு வாசியாக ஒப்புக்கொள்ளாமல், வாசிதான், ஆனால் சாதாரண வாசி அல்ல என்ற இடைப்பட்ட நிலையில் இரண்டு மூன்று வருஷம் வைத்திருந்து, அதற்குள் அவனுடைய வெளிநாட்டு வருமானத்தின்மேல் பெரும்பாலும் கை வைக்காமலும் இருக்கிறது.

நீல அட்டையைத் துறந்து ஊர் திரும்புவது என்ற என் தீர்மானத்துக்குக் காரணம் அம்மா என்று சிங்கப்பூரில் சொல்லிப் பார்த்தேன், கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். அதையே டெலிபோனில் அவளிடம் சொன்னபோது, “எனக்காக ஒண்ணும் வரவேணாம்டா. உனக்கு வரணும்னு இருந்தா வா. அம்மாவுக்குக் காவல் காக்க வந்தேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாத” என்று அவள் முடித்துவிட்டாள். மனைவியின் ஆட்சேபம் வேறு விதமானது. ஊருக்கு வருவதில் அவளுக்குத் தடையில்லை. அட்டையைக் கொடுப்பதில்தான் தடை. “அதை ஏங்க திருப்பிக் குடுக்கணும்? பெட்டியில கிடந்தா சோறா கேக்குது?” என்றாள்.

சோறு கேட்பதில்லைதான். ஆனால் சேமநிதி கேட்கிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவனின் சம்பளத்தில் அவன் பங்காக 20 சதவீதமும் முதலாளி பங்காக 17 சதவீதமும் மாதந்தோறும் சேருகிற அந்தப் பணம், வீடு, வைத்தியம், முதுமை என்று கணக்குக் கணக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. நிரந்தரவாச உரிமையைத் துறந்து, அந்நாட்டைவிட்டு அடியோடு நீங்குகிறவனுக்குத்தான் அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று விதி. கையில் அட்டை இருக்கும்வரை பணம் அங்கே, பணம் அங்கே இருக்கும்வரை மனமும் அங்கே. இந்த விதியை எழுதியவர்கள் மனித சுபாவத்தை நன்கறிந்தவர்கள். மனைவியிடம் நான் சொன்ன உண்மையான காரணமும் அதை ஒட்டியதுதான்: அட்டை பெட்டியில் இருந்தால், ஓரிக்கையில் மின்சாரம் போகிற ஒவ்வொரு ராத்திரியும் நான் எழுந்துபோய் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பேன், மின்வாரியத்துக்கு டெலிபோன் செய்ய மாட்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இன்வெர்ட்டர் வாங்குங்க” என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். லவண்டர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள குடிநுழைவு அலுவலகத்தில் இருவர் அட்டையையும் ஒப்படைத்தபோது, வாங்கிக்கொண்ட மலாய்ப் பெண், ஊரில் இப்போது மழைக்காலமா என்று மட்டும் விசாரித்தாள்.

மழைக்காலந்தான். பாலாற்றில், வருஷத்தில் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கிற இடத்தில், கணுக்கால் நனையும்படி நீர் ஓடிக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு வந்த வெள்ளத்தைப் பற்றித் தம்பி இன்னமும் நேற்று நடந்ததுபோல் விவரிக்கிறான். காஞ்சி மடத்து மகாபெரியவருடைய கருங்கல் மணிமண்டபத்தைத் தரிசிக்க வரும் வண்டிகளும், பணிமனைக்குத் திரும்பும் அரசுப் பேருந்துகளும், மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளும் பெருகிவிட்டன. நெல் விளைந்த இடங்களில் வண்ணக் கற்கள் நட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் வசிக்கிற இந்தியன் விவசாய நிலத்தைப் பிதுரார்ஜிதமாக அடையலாமே தவிர, விலைக்கு வாங்கக்கூடாது என்பது சட்டம். இப்போது எனக்கு அந்தத் தடை நீங்கியது, வாங்குவதற்கு நிலம்தான் காணவில்லை. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டு, சபையில் அங்கம் வகிக்கிறவன் கால்வேலிக்கு அதிகமாக வரி கட்டும் நிலம் உடையவனாகவும், சொந்த மனையில் வீடு கட்டி வசிப்பவனாகவும், 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்டவனாகவும் இருக்க வேண்டுமென்கிறது. வயதைத் தவிர வேறெதிலும் நான் தேற மாட்டேன்.

வீட்டு மனை இன்னும் பாகமாகவில்லை. முன் அறையில் அப்பாவின் குழித்தறி பலகையால் மூடிக் கிடக்கிறது. கோர்வைச் சேலை நெய்வதில் அவருக்குப் பேர் உண்டு: உடலுக்கும் இரு கரைக்கும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடா ஓட, குழியில் கால் தொங்கவிட்டு அவர் உட்கார்ந்திருப்பார்; ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பித் தள்ளுவதற்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் பக்கத்தில் உட்காரவேண்டும். கரையும் உடலும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று கவ்வவேண்டுமாகையால் என் கை சற்றுத் தாமதித்தால் அவருடைய கையும் நின்றுபோகும். திட்ட மாட்டார், நிற்பார். அந்த நிற்றலுக்குப் பயந்துதான் நான் படித்து உத்தியோகத்துக்குப் போனேன் என்று சொன்னால் அது முழுப் பொய் ஆகாது. தம்பி ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலைக்கு ஷிப்டு போகிறான். அவன் வயதுக்காரர்களில் தறியில் உட்காருகிறவர்கள் அருகிப்போனார்கள்.

“அண்ணா, குழியை மூடிட்டு டைல்ஸ் போட்டுடலாமா? அண்ணிக்கு நடக்கவும் வசதி” என்றான் வந்த மறுவாரமே. சிங்கப்பூர் வீட்டு வழவழப்பு எனக்கு வேண்டியிருக்கும் என்று அவனாக நினைத்துக்கொண்ட அன்பு அது. தறியில் நான் உட்காரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். கண்ணும் முதுகும் அதற்கு இடம்கொடா. அடுத்த தெருவில் வாடகை வீட்டிலிருக்கும் நெசவாளி ஒருவர், கூட்டுறவுச் சங்கத்துக்குச் சேலை நெய்கிறவர், குழி உள்ள அறை கிடைத்தால் வந்து நெய்வதாகச் சொல்லியனுப்பினார். தரை ஈரம் கசிந்தால் பாவு கெட்டுப்போகுமாகையால், குழியின் உட்சுவருக்குச் சிமெண்டு பூசித் தரவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அம்மா வாடகை எவ்வளவு என்று கேட்டாள்; தம்பி முகம் சுளித்தான்; மனைவி, அறைக் கதவுக்கு வேறு பூட்டுப் போடவேண்டும் என்றாள். கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்கவேண்டும் என்பது பெரியப்பாவைப் போலவே எனக்கும் தோன்றவில்லை.