சூடு இல்லீங்க, புராஸ்டேட்!

போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்த பாவத்துக்கு, இந்த முறை கொஞ்சம் முழித்துக்கொண்டு படிக்கிற மாதிரி ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு நம்ம வகுப்புப் பசங்க கேன்டீனில் ஒரு வாரத்துக்கு ஓட்டுவாங்க என்று தெரியும். ஓட்டுங்கடா, பரவாயில்லை. ஆனால் முழுசாகப் படித்துவிட்டு ஓட்டுங்கள்.

நம்ம ஊரில் ஆம்பளைக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் இரண்டே பெயர்தான். வீட்டில் சொன்னால் "உடம்பு சூடு". வெளியில் சொன்னால் "எங்கடா போயிட்டு வந்த?" இந்த இரண்டுக்கும் நடுவில் புராஸ்டேட் அழற்சி என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது என்பது 2024 ஆகஸ்ட் வரைக்கும் எனக்கும் தெரியாது.

அப்போது பி.காம். மூன்றாம் வருடம் ஆரம்பம். துறையூரிலிருந்து திருச்சிக்கு தினமும் பஸ். முதலில் மூத்திரம் போகும்போது லேசாக எரிச்சல். அப்புறம் விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு வலி, கோலிக்குண்டு மேல் உட்கார்ந்த மாதிரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் முதல் வேலை கட்டணக் கழிப்பறை. ஒரு மணி நேர வகுப்பில் இரண்டு தடவை எழுந்து போனால் மேடம் முறைப்பாங்க, பக்கத்தில் இருக்கிறவன் "மச்சான், சுகர் டெஸ்ட் எடுடா" என்பான். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவேன். இதை எப்படி விளக்குவது?

வீட்டில் அப்பாயிதான் முதல் டாக்டர். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், பார்லிக் கஞ்சி, இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தொப்புளில் விளக்கெண்ணெய். அப்பாயி வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் நிறைய குடித்ததில் எரிச்சல் குறைந்தது உண்மை. வலி மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்தது கிளினிக். கட்டிலில் படுக்க வைக்கவில்லை, மூத்திரப் பரிசோதனை எழுதவில்லை. "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று ஐந்து நாளைக்கு சிப்ரோஃப்ளாக்சசின். சாப்பிட்டதும் கொஞ்சம் தேவலை. பத்தாம் நாள் மறுபடியும் அதே வலி. இன்னொரு கிளினிக்கில், கம்பவுண்டர், வெளியில் உட்கார்ந்திருந்த இரண்டு அக்கா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி "தப்பான பழக்கம் ஏதும் உண்டா தம்பி?" என்று கேட்டு, "இல்ல சார்" என்றதும் நம்பாத மாதிரி சிரித்துவிட்டு, ஏழு நாளைக்கு வேறொரு மாத்திரை. மூன்றாவது இடத்தில் மறுபடி முதல் மாத்திரையே, பத்து நாளைக்கு. ஆக மூன்று டாக்டர், 22 நாள் ஆன்டிபயாடிக், ஒரு பரிசோதனை கூட இல்லை.

இதற்கு நடுவில் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒரு போஸ்டர் தினமும் என்னையே பார்த்துச் சிரிக்கும். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு ஆண்களின் சகல பிரச்சினைகளையும் தீர்க்கிற வைத்தியர். நாளைக்குக் கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா என்றெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மனசு கணக்குப் போடும் பாருங்க, அந்த பயம்தான் அவங்களுக்கு முதலீடு. 1954லேயே மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்து, ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்று சொல்லிவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவருக்கு அது தெரியாது போல.

கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். கடையை மூடிவிட்டு ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது என்று அவர் முதுகைப் பார்த்தே சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கும் ராத்திரி நாலு தடவ எந்திரிக்க வேண்டியிருக்குடா. ரெண்டு வருசமா... யாருகிட்ட சொல்றது?" என்றார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திருச்சிக்கு யூராலஜிஸ்ட்டைப் பார்க்கப் போனோம். (அப்பாவுக்கு வயதானால் வருகிற புராஸ்டேட் வீக்கம். அது வேறு கதை, இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார்.)

இங்கே ஒரு நிமிடம் பாடம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். மூத்திரக் குழாய் அதன் நடுவில் புகுந்துதான் வெளியே வருகிறது. விந்து நீரில் ஒரு பங்கு இங்கேதான் சுரக்கிறது. அதனால்தான் இதில் கோளாறு வந்தால் மூத்திரம், உட்காருவது, தாம்பத்தியம் மூன்றிலும் வலிக்கிறது. புராஸ்டேட் என்றாலே தாத்தாக்களின் வியாதி என்று நினைக்கிறோம். அமெரிக்கக் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்ட ஆண்களிடம் அதிகம் காணப்படும் மூத்திரப்பாதைப் பிரச்சினையே இந்த அழற்சிதான்.

யூராலஜிஸ்ட் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியே இல்லை. "கடைசி ஆன்டிபயாடிக் எப்ப போட்டீங்க தம்பி? அதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாங்களா?"

"நேத்துதான் சார் முடிஞ்சுது. கல்ச்சர் எதுவும் எடுக்கல சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். காய்ச்சல், குளிர், மூத்திரம் அடைப்பு எதுவும் இல்லாததால் இரண்டு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் போடாமல் திரும்பி வரச் சொன்னார். உடம்பில் மருந்து இருக்கும்போது எடுத்தால் கிருமி இருந்தாலும் வளராது, பரிசோதனை பொய் சொல்லும். "ஆகஸ்ட்ல உங்களுக்குக் கிருமி இருந்துச்சா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு அது சட்டென்று உறைத்தது. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பதுதானே நமக்கு முதல் பாடம்? இங்கே மூன்று என்ட்ரி போட்டாச்சு, ஒரு வவுச்சர் கூட இல்லை. பின்னால் வருகிற ஆடிட்டர் என்ன செய்வார், பாவம்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை. எல்லோரும் பயப்படுகிற அந்த விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் மூத்திரம் ஒரு பாட்டிலில், ஆரம்பத்தை விட்டு நடுவில் வருவதை மட்டும் பிடிக்க வேண்டும். அப்புறம் டாக்டர் கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக ஒரு விரலை விட்டு புராஸ்டேட்டை அழுத்திப் பார்த்துத் தடவி விடுகிறார். அதற்குப் பிறகு வருகிற மூத்திரம் இரண்டாவது பாட்டிலில். விரல் பரிசோதனை ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வலித்தது, கூச்சமாக இருந்தது, முடிந்துவிட்டது. வைவா வோஸைவிட மோசமில்லை. :)

இரண்டு பாட்டில் எதற்கு? முதலில் இல்லாத, அல்லது குறைவாக இருந்த கிருமி இரண்டாவதில் ஏறி இருந்தால் அது புராஸ்டேட்டிலிருந்துதான் வருகிறது. 1968ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரண்டு மருத்துவர்கள் நான்கு பாட்டில் வைத்து இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது பெரும்பாலும் அதன் சுருக்கமான இரண்டு பாட்டில்தான்.

மூன்று நாள் கழித்து ரிசல்ட். இரண்டிலும் கிருமி வளரவில்லை. வெள்ளை அணுக்களும் பெரிதாக இல்லை. ஸ்கேனில் மூத்திரப்பை சரியாகக் காலியாகிறது. எனக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப வலி பொய்யா சார்?" என்று கேட்டேன். "வலி நிஜம். காரணம் கிருமி இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் புராஸ்டேட் அழற்சி என்பது ஒரு வியாதி இல்லை, நான்கு என்று தெரிந்துகொண்டேன். 1995ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் பிரித்த பிரிவுகள் இவை:

1. திடீர் கிருமித் தொற்று. கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், மூத்திரம் போகவே முடியாத வலி. இது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த நிலையில் புராஸ்டேட்டை அழுத்தித் தடவக் கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

2. நாள்பட்ட கிருமித் தொற்று. அதே கிருமி திரும்பத் திரும்ப மூத்திரத்தில் வரும். பல ஆன்டிபயாடிக்குகள் புராஸ்டேட் திசுவுக்குள் சரியாக நுழைவதில்லை. நுழைகிற மருந்தை, கல்ச்சர் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கொடுக்க வேண்டும். ஐந்து நாள் இதற்குப் போதாது.

3. நாள்பட்ட இடுப்புக்குழி வலி. மூன்று மாதமாவது நீடிக்கும், கிருமி இருக்காது. புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுபவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இந்தக் கூட்டம்தான். நானும் இங்கேதான்.

4. எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேறு பரிசோதனையில் தற்செயலாகத் தெரிவது. பொதுவாக வைத்தியமே வேண்டாம்.

ஆக, கிருமியே இல்லாத 90 பேருக்கும் கிருமி மருந்தே முதலில் போனால்? எனக்குக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் லேசுப்பட்ட மருந்து இல்லை. தசைநார் அறுந்துபோகலாம் என்று 2008ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வகை மருந்துகளுக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது, 2016ல் அதை இன்னும் கடுமையாக்கியது. வேண்டிய இடத்தில் உயிர் காக்கிற மருந்துதான். வேண்டாத இடத்தில் எதற்கு? ஆனால் ஒன்று, சாப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் குறைந்ததே? இவ்வகை மருந்துகள் கிருமி இல்லாமலே வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கக் கூடும் என்று விளக்கினார். அந்தக் கொஞ்ச நாள் ஆறுதல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

வைத்தியத்துக்கு முன்னால் டாக்டர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். 1999ல் வந்தது, ஒன்பது கேள்வி. வலிக்கு 21, மூத்திரத் தொந்தரவுக்கு 10, அன்றாட வாழ்க்கை எவ்வளவு கெட்டது என்பதற்கு 12, ஆக மொத்தம் 43. வாழ்க்கையில் முதல் தடவையாக மார்க் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதிய பரீட்சை. எனக்கு 26.

ராத்திரி ஒரு டாம்சுலோசின், மூத்திரப்பையின் வாய் தளர்வதற்கு. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று எச்சரித்தார், சுற்றியது. துணி ஊறவைக்கிற டப்பில் வெந்நீர் ஊற்றி தினமும் கால் மணி நேரம் உட்கார வேண்டும். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். இதையெல்லாம் விட முக்கியமானது பிசியோதெரபி. இடுப்புக்குழியின் அடியில் ஒரு தொட்டில் மாதிரி தசைகள் இருக்கின்றன. பயத்தில், வலியில், நமக்கே தெரியாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி இறுக்கத்தைக் கூட்டுகிறது. அதைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள். (இணையத்தில் பார்த்து அந்தத் தசையைப் பலப்படுத்துகிறேன் என்று இறுக்குகிற பயிற்சி செய்யாதீர்கள், என் மாதிரி ஆட்களுக்கு அது நேர் எதிர்.) அந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பிரசவமான அக்காக்கள். வெளியில் பெஞ்சில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. மூன்றாவது வாரம் ஒரு அக்கா குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு உள்ளே போகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆறு வாரத்தில் 26 என்பது 18 ஆனது. ஆறு மார்க் குறைந்தாலே நல்ல முன்னேற்றம் என்பார்கள். நாலு மாதத்தில் 9. ஏப்ரல் செமஸ்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரிய வேண்டாம், புரியாமலே இருக்கட்டும். முழுசாகப் போய்விட்டதா? இல்லை. நீண்ட பஸ் பயணம், தூக்கமில்லாத வாரம் என்றால் எட்டிப் பார்க்கும். இப்போது அது என்னவென்று தெரியும், அதனால் ராத்திரி இரண்டு மணிக் கணக்கு நின்றுவிட்டது.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று ரவுண்டுக்கு ஃபீஸ், மாத்திரை எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய். இரண்டு பாட்டில் கல்ச்சருக்கு 1,100.

உங்களுக்கோ, உங்கள் அப்பா, அண்ணன், ரூம்மேட்டுக்கோ இப்படி வந்தால், நான்கு விஷயம்:

* காய்ச்சல், குளிர் நடுக்கம், மூத்திர அடைப்பு இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு.
* ஆன்டிபயாடிக் எழுதினால், "முதல் மாத்திரைக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் எடுத்துடலாமா சார்?" என்று கேளுங்கள். இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவே.
* போக வேண்டியது யூராலஜிஸ்ட்டிடம். கிட்னி செயலிழப்பு, டயாலிசிஸ் பார்க்கிற நெஃப்ராலஜிஸ்ட் வேறு. வசதி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யூராலஜி பிரிவு இருக்கிறது.
* புராஸ்டேட் அழற்சி என்று சொன்னால், "நாலில் எது சார்?" என்று கேளுங்கள். உடலுறவு பற்றி டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பால்வினைத் தொற்று இருந்தால் பரிசோதனையும் மருந்தும் வேறு.

கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரும் இருப்பார். கோபித்துக்கொள்ளட்டும். உட்கார முடியாமல் நின்றுகொண்டே வரப்போவது நாம்தானே.

டிஸ்கி: நான் பி.காம். படிக்கிறவன், எம்.பி.பி.எஸ். இல்லை. இது என் கதையும், நான் கேட்டுத் தெரிந்துகொண்டதும். என் மாத்திரைப் பெயரைப் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.