மூன்று கிலோமீட்டரும் ஒரு காட்டோடையும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில், "சார், சட்டம் போடுறது எம்.பி.ங்க. அப்புறம் 'விதி'ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதை யார் எழுதறது? யார் பார்க்கறது?" என்று கேட்டார். பதில் சொல்லப்போய் எனக்கு ஒரு பழைய தவறு ஞாபகம் வந்தது.

2013-ல் அரூர் பக்கம் ஒரு மலையோரக் கிராமத்தில் வேலை பார்த்தேன். நன்றாகப் படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி ஐந்தாவது முடித்தாள். நடுநிலைப் பள்ளிக்குப் போக ஒரு காட்டோடையைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் பெரியவர்களே இறங்க மாட்டார்கள். அவள் அப்பா, "ஏதாச்சும் வழி இருக்கா வாத்தியாரே?" என்றார். "மூணு கிலோமீட்டருக்குள்ளதான்பா இருக்கு, விதி அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படிப்பு அதோடு நின்றது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் தூரம் எதுவும் இல்லை; பள்ளி அருகில் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எவ்வளவு அருகில் என்பதை அரசு விதியாக வகுக்கிறது. மத்திய அரசின் 2010 விதிகளில் ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ., எட்டாம் வகுப்பு வரை 3 கி.மீ. அதே விதியில், வெள்ளம், நிலச்சரிவு, பாதையின்மை என்று பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

அதிகாரிகள் எழுதும் இந்த மத்திய விதிகளை நாடாளுமன்றத்தில் 30 நாள் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். மாநில விதிகள் சட்டமன்றத்தின் முன் வர வேண்டும். ஒவ்வொன்றையும் அவையில் படிக்க நேரம் ஏது? அதற்காகவே மக்களவையில் 1953 முதல் சார்நிலைச் சட்டக் குழு இருக்கிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் அதில் இருக்கக் கூடாது. மாநிலங்களவைக்கும் தனிக் குழு உண்டு. சட்டம் கொடுத்த அதிகாரத்தை விதி மீறுகிறதா, சொல்லாத வரியைப் போடுகிறதா, தாமதமாக அவைக்கு வந்ததா என்று பார்ப்பார்கள். பரிந்துரைதான் செய்ய முடியும். ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று துறையைத் திரும்பக் கேட்பார்கள்.

டெல்லியில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், எங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் வருவதை அங்கிருந்து பார்க்க முடியாது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எழுதியிருக்க வேண்டியவனும் நான்தான்.

பிள்ளைகளே, யாராவது "விதி அப்படித்தான்" என்றால் நகல் கேளுங்கள். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

அந்தப் பெண்ணைச் சமீபத்தில் அரூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள். எனக்குத்தான் சட்டென்று பேச்சு வரவில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்