சக்கரங்கள் மட்டும்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை இருக்கிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பகுதி சாய்வாக இருக்கும். குழந்தையின் தொண்டைக்குப் பதிலாக நிற்கிற குழாய் அது. பொம்மையோ, அதிலிருந்து கழன்று விழுகிற துண்டோ எப்படிப் போட்டாலும் அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால் அந்தப் பொம்மை ஆகாது. ஆவடி பக்கம் ஒரு மரப்பட்டறையில் சனிக்கிழமைகளில் பொம்மை செய்யலாம் என்று அலுவலக நண்பர்கள் நாலு பேர் கிளம்பியபோது, நாங்கள் முதலில் செய்தது இந்த உருளையைத்தான். முதலில் டெஸ்ட், பிறகுதான் மற்றது. தொழில் புத்தி விடாது. பட்டறைக்கார அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குத் தம்பி, பேனா சொருகவா?" என்றார்.

மரம் காசு கொடுத்து வாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கும் பேலட் பலகைகள் அம்பத்தூர் பக்கம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பெரும்பாலும் பைன். பலகையின் ஓரத்தில் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் பூச்சி சாக வெப்பம் ஏற்றியது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது. இரண்டாவதைத் தொடவே கூடாது. முத்திரையே இல்லாத பலகையும் வேண்டாம். ஆணி பிடுங்கி, இழைத்து, 80-ம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220 வரை தேய்க்க வேண்டும். பைன் மரத்தில் சிலாம்பு அதிகம். எத்தனை தேய்த்தாலும் கடைசியில் கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் கீழே வைப்பார். பெயிண்ட் அடிப்பதில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்திருக்கிறது, ஆனால் கடையில் திறந்து கொடுக்கிற டப்பாவை நம்பிக் குழந்தை வாயில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. தேன்மெழுகு மட்டும்.

இவையெல்லாம் போவது திருவள்ளூர் மாவட்டத்து செங்கல் சூளை ஒன்றுக்கு. ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பக்கத்துக் குடும்பங்கள் அறுவடை முடிந்ததும் ரயிலேறி இங்கே வருகின்றன. ஊரிலேயே முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது கழிய வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. விடியலுக்கு வெகு முன்பே எழுந்து மண் குழைத்துக் கல் அறுப்பார்கள். வெயில் ஏறினால் களத்தில் நிற்க முடியாது. மழைக்கு முன்னால் சூளை நின்றுவிடும். ஜூனில் திரும்ப ரயில். குழந்தைகளுக்கு இந்த ஆறேழு மாதம் பள்ளி என்பது மாலையில் ஓர் அக்கா வந்து ஒடியாவில் நடத்தும் வகுப்புதான். எங்களை அங்கே கூட்டிப் போனது அவர்தான். முதல் நாளே ஒன்று சொன்னார்: "பீரோவுல வைக்கிற பொம்மையா இருந்தா கொண்டு வராதீங்க. இங்க பீரோ இல்ல."

அங்கன்வாடிகளில் நான் பார்த்திருக்கிறேன், நன்கொடையாக வந்த பொம்மைகள் கண்ணாடிக்குப் பின்னால் அலுங்காமல் இருக்கும், அதிகாரி வந்தால் காட்ட. இங்கே பொம்மை குழந்தைக்கே சொந்தம். உடைக்கலாம், விற்கலாம், ஊருக்குக் கொண்டு போகலாம். ஊருக்குக் கொண்டு போவது என்றால் அது ஒரு மூட்டைக்குள் அடங்க வேண்டும். அரிசி, பாத்திரம், போர்வை, கைக்குழந்தை எல்லாவற்றோடும் காண்டாபாஞ்சி வரை. நடைவண்டி செய்ய எனக்கு ரொம்ப ஆசை. அந்தக் கணக்கில் நடைவண்டி விழுந்துவிட்டது.

கட்டைகள் தேறின. ஒவ்வொரு பைக்கும் இருபது கட்டை. கொடுத்த அன்று ஆறு வயதுப் பையன் ஒருவன் கோபுரம் கட்டவில்லை. இருபதையும் தரையில் தட்டையாக, விரல் இடைவெளி விட்டு, நாலு வரிசையாக அடுக்கினான். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினான். களத்தில் பச்சைக்கல்லைக் காய வைப்பது அப்படித்தான். முதலில் படுக்க வைத்து, இறுகியதும் திருப்பி நிறுத்த வேண்டும். அந்தத் திருப்புகிற வேலை சின்னப் பிள்ளைகளுடையது. அவன் தங்கை நாலு கட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடி நடந்தாள். இடுப்பை அவள் அம்மா மாதிரியே ஒடித்து.

திரும்பும் வழியில் வண்டிக்குள் ஒரே சண்டை. நண்பன் ஒருவன் கட்டைகளை நிறுத்திவிடலாம் என்றான். "செங்கலை மறக்கத்தானேடா பொம்மை? நாமளே செங்கல் செஞ்சு குடுக்கறோம்." அண்ணன்தான் பதில் சொன்னார்: "நம்ம புள்ளைங்க மட்டும் என்ன தம்பி, சொப்பு வெச்சு சோறு தானே ஆக்குதுங்க? அதுக்கு யாராச்சும் அழுதாங்களா?"

அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் கனமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டிலும் சொப்பு சாமான் இருந்தது, கடைசல் மரத்தில், அரக்குச் சாயம் ஏற்றியது. அக்காவும் நானும் சேர்ந்துதான் சமைப்போம். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது நிஜ அடுப்பு வந்தது. எனக்கு வரவில்லை. விளையாட்டில் குறை ஒன்றும் இல்லை. அடுப்பு யாருக்கு வந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அந்தப் பையன் கட்டையைத் திருப்பி நிறுத்துவதை நான் தடுக்க வேண்டியதில்லை. நிஜக் கல்லைத் தடுக்க எங்கள் இருபது கட்டையால் முடியாது. அதற்குக் கூலி உயர வேண்டும், முன்பணம் ஒழிய வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. இன்னும் முன்பணம் வாங்கித்தான் வருகிறார்கள். கட்டைகள் தொடரட்டும் என்று முடிவானது. அவன் கட்டை, அவன் இஷ்டம்.

இதற்கு நடுவில் மேஸ்திரி வேறு, நாங்கள் எதையாவது படம் எடுக்கிறோமா என்று பார்க்கப் பின்னாலேயே சுற்றுவார். எடுப்பதில்லை என்பது எங்களுக்குள்ளேயே இருந்த விதி. அவருக்கு அதில் நிம்மதி இருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வாரத்தில் சந்தைக்குப் போக அரை நாள் ஓய்வு உண்டு. அப்படி ஒரு மதியம், குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன் எங்கள் சாக்கிலிருந்து ஒரு துண்டு மரத்தை எடுத்தார். வெட்டுக்கத்தியால் செதுக்கத் தொடங்கினார். பீடி ஒன்று முடிவதற்குள் பம்பரம். ஆணிக்கு மட்டும் எங்களைப் பார்த்தார். அண்ணன் அதைச் சுற்றிவிட்டுப் பார்த்து, "நடுமையம் கண்ணுலயே புடிச்சிருக்கான்யா" என்றார். அண்ணன் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பாராட்டை எங்களில் யாரும் வாங்கியதில்லை.

அவருக்குக் கை இருக்கிறது. நேரமும் மரமும்தான் இங்கே இல்லை. அடுத்த தடவையிலிருந்து பொம்மையோடு வெறும் மரத்துண்டுகளும் இரண்டு அரமும் கொண்டு போனோம். ஓய்வு மதியங்களில் மூன்று நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு யானை வந்தது, ஒரு ஏர் வந்தது. ஏரை எந்தக் குழந்தையும் எடுக்கவில்லை, செய்தவரே மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் அந்தப் பம்பரத் தகப்பன் அக்கா மூலமாக ஒன்று கேட்டார். வண்டி வேண்டாம், மூட்டையில் இடம் அடைக்கும். மரம் ஊரில் இருக்கிறது, உடம்பை அவரே செய்துகொள்வார். கையால் செதுக்கினால் சக்கரம் வட்டமாக வருவதில்லை. சக்கரம் மட்டும் தர முடியுமா?

அண்ணனுக்குத் தெரிந்த கடைசல்காரரிடம் கொடுத்து அறுபத்து நாலு சக்கரம் கடைந்தோம். விட்டம் 45 மில்லிமீட்டர், நடுவில் துளை, அச்சுக்கு மூங்கில் குச்சி. குடும்பத்துக்கு நாலு வீதம் நூலில் கோத்துக் கொடுத்தோம். ரயிலுக்குக் கிளம்பிய அன்று அந்தப் பையன் அதைக் கழுத்தில் மாட்டியிருந்தான்.