ஒன்றரை மணி நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். எழுதவிடாமல் தடுத்தது வெட்கம்தான். அதே வெட்கத்தால்தான் என் பணமும் போனது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. பேரன் நான்காம் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கு ஆன்லைனில் கறுப்பு ஷூ வாங்கினேன், 849 ரூபாய். "நாகல் நகர்ல கடையே இல்லையா? காலை விட்டுப் பார்க்காம யாராவது ஷூ வாங்குவாங்களா?" என்றார் வீட்டுக்காரர். பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தால் ஒரு விரற்கடை சின்னது. அவர் பார்ப்பதற்குள் பெட்டியை பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. சத்தம் காட்டாமல் மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

அந்த வாரம்தான் மகன் திருப்பூரிலிருந்து எனக்குப் புதுப் போன் வாங்கி வந்திருந்தான். பழைய போனில் இருந்ததை எல்லாம் அழித்து, பேரன் படம் பார்க்கக் கொடுத்துவிட்டான். புதுப் போனில் அந்தக் கடையின் செயலியைத் திறந்தால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி என் பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. பார்சல் கொண்டு வருபவருக்காகப் புது எண்ணைக் கொடுத்திருந்தேனே தவிர, கணக்கில் எண்ணை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அதன்பின் கொடுக்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் இதைத்தான் சொன்னது. இது எனக்குப் பின்னால்தான் தெரியும். சும்மா என் பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். ஒரு பையன் எடுத்தான். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலையாம்.

"தம்பி, இது என்னோட பழைய நம்பர். இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதை மட்டும் சொல்லுப்பா."

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மெசேஜ்லயே போட்டிருக்கு. நான் சொல்லமாட்டேன்."

"நான் ரிட்டயர்டு டீச்சர்ப்பா" என்றேன். "இருக்கட்டும்மா" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் நடத்திய பாடம் அப்போது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடினேன். முதலில் வந்த எண்ணுக்கு அடித்தேன். நல்ல தமிழில் 'மேடம், மேடம்' என்று ஒருவர் பேசினார். 849 ரூபாயைத் திருப்பித் தருகிறோம் என்றார். நம் திரையை அவர்கள் பார்க்கிற செயலி ஒன்றை இறக்கச் சொன்னார். ஒரு பக்கத்தைத் திறந்து ஏடிஎம் கார்டின் எண்ணையும், பின்னால் இருக்கும் மூன்று எண்ணையும் போடச் சொன்னார். போட்டேன். ஓடிபி வந்தது. வாசித்துக் காட்டினேன். மில் பையன் எனக்குச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் சொல்லிவிட்டேன்.

காலை 11.20க்கு 9,800 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஓய்வூதியம் வருகிற கணக்கு. "சர்வர் பிராப்ளம் மேடம், ரெண்டு மணிக்குள்ள திரும்ப வந்துடும்" என்றார். பொய் என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. கை நடுங்கியது. இணைப்பைத் துண்டித்தேன்.

அப்போது மருமகள் பத்தடி தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் மனதில் ஓடியது எல்லாம் இவ்வளவுதான். அவர் என்ன சொல்வார்? மருமகள் தன் அம்மாவிடம் சொல்வாளோ? முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்களே? அடுத்த மாத ஓய்வூதியத்தில் சரிக்கட்டிவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

பேச்சைத் துண்டித்தேனே தவிர, அந்தச் செயலியை நீக்கவில்லை. அது என் போனில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு வருகிற ஓடிபியை அவர்கள் அங்கிருந்தே பார்த்திருக்கிறார்கள். 12.50க்கு அடுத்த குறுஞ்செய்தி வந்தது. 24,500 ரூபாய்.

அப்போதுதான் மருமகளைக் கூப்பிட்டேன். குரல் வரவில்லை, போனை நீட்டினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "முதல்ல நெட்டை ஆஃப் பண்ணுவோம் அத்தை" என்று வாங்கி இணையத்தை நிறுத்தினாள். செயலியை நீக்கினாள். கார்டின் பின்பக்கம் இருந்த வங்கி எண்ணுக்கு அவள் போனிலிருந்து அடித்து கார்டை முடக்கினாள். உடனே 1930க்கு அடித்தாள். பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் இருந்த எண் எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்தோம். இரண்டாவது தொகையில் 11,000 ரூபாய் போன இடத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அது கைக்கு வரக் காத்திருக்கிறோம். மீதி போனது போனதுதான்.

வங்கி மேலாளர் ஒன்று சொன்னார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை அது. நாமே ஓடிபியைச் சொல்லி, நம் கவனக்குறைவால் போன பணத்துக்கு நாம்தான் பொறுப்பு. ஆனால் வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகும் பணம் போனால் அதற்கு வங்கி பொறுப்பு. ஆக, 11.20க்கே வாயைத் திறந்திருந்தால் 9,800 மட்டும்தான் நட்டம். அடுப்படியில் மௌனமாக நின்றதற்கு விலை 24,500 ரூபாய்.

வீட்டுக்காரர் திட்டினாரா என்று கேட்பீர்கள். திட்டினார், இரண்டு நாள் முழுக்க. கேட்டுக்கொண்டேன். திட்டு அந்தப் பணத்தை விட மலிவு என்று அப்போதுதான் புரிந்தது.

இதை நினைக்கும்போது ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் வேலை பார்த்த நாட்களில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. ஓடைப் பக்கம் போனால் தோலை உரித்துவிடுவேன் என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அங்கே போய்க் காலில் கருவேல முள் ஏற்றிக்கொண்டான். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீங்க அடிப்பீங்க டீச்சர்" என்றான். அன்று அவனைத்தான் குறை சொன்னேன். இந்த 64 வயதில் அவன் இடத்தில் நின்று பார்த்தபோதுதான், அந்த முள்ளில் என் பங்கும் இருந்தது தெரிகிறது.

என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். கடையின் சேவை எண்ணை கூகுளில் தேடாதீர்கள், செயலிக்கு உள்ளேயே உதவிப் பகுதி இருக்கும். செல் எண்ணை மாற்றும்முன் வங்கி, கேஸ், ஆதார், ஆன்லைன் கடை எல்லாவற்றிலும் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர்கள் கண்டுகொள்ளாவிட்டால் அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்லவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. பணம் போனால் அந்த நிமிடமே 1930, அதோடு வங்கி. எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தை. பெற்றவர்கள் போனை நீட்டினால் "ஏன் இப்படிப் பண்ணீங்க" என்பதை ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். என் மருமகள் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தக் கணக்கை மின்னஞ்சல் வழியாகத் திறந்து எண்ணை மாற்றிக் கொடுத்ததும் அவள்தான். அதற்குள் ஏழு நாள் கடந்துவிட்டது. ஷூவைப் பால்காரம்மாவின் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. என் பேரனுக்கு நாகல் நகரில் காலை விட்டுப் பார்த்து வாங்கினோம். வீட்டுக்காரர்தான் கூட்டிப் போனார்.

மில் பையனுக்கும் ஒருநாள் போன் போட்டு நன்றி சொன்னேன். "பரவாயில்லீங்க டீச்சர்" என்றான்.