கட்டத்தின் தலைப்பு

என் பேரன் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறான். புதிதாக ஒரு டேபிள் கைக்கு வந்தால், உள்ளே இருக்கும் விவரத்துக்குப் போகும் முன் 'டிஸ்க்ரைப்' என்று ஒரு கட்டளை போடுவானாம். என்னென்ன கட்டங்கள், எதில் எண், எதில் எழுத்து, எதைக் காலியாக விடலாம், எது சாவி, இவ்வளவுதான் அது காட்டும். 1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் என்பவர் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்த முறை என்றான். "இதைத்தானடா நாங்கள் ரெவின்யூவில் பேரேட்டில் செய்தோம்" என்றேன். சிரித்தான்.

சிரிக்க ஒன்றுமில்லை. நம் கிராமக் கணக்கையே பாருங்கள். 'அ' பதிவேடு சர்வே எண் வரிசையில் போகும். சிட்டா பட்டா எண் வரிசையில். அடங்கல், அதே சர்வே எண்ணில் அந்தப் பசலியில் என்ன பயிர் என்று சொல்லும். 'அ' பதிவேட்டில் பட்டா எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு சிட்டாவுக்குப் போனால் சொந்தக்காரர் கிடைப்பார். பேரன் இதை 'ஃபாரின் கீ' என்கிறான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'க்ளே எத்ரான்ஷேர்'. அடுத்த வீட்டுச் சாவி நம் ஆணியில் தொங்குகிற மாதிரி!

நிலம் கை மாறினால் பட்டா எண் மாறலாம். சர்வே எண் 112/3 என்பது 112/3ஏ, 3பி என்று உட்பிரிவாகுமே தவிர, நிலத்தை விட்டுப் போகாது. பழைய பட்டா எண்ணை மட்டும் டைரியில் வைத்திருப்பவர்கள் கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நகர அளவை முடிந்த இடங்களில் சாவியே வேறு: வார்டு, பிளாக், நகர அளவை எண்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள். கணவர் இல்லை. பூந்தமல்லி பக்கத்துக் கிராமத்தில் அவர் விட்டுப்போன மனை. பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது, கையில் பட்டா மட்டும். பரப்பு 0 - 2.50 என்று இருந்தது. "ரெண்டரை சென்ட்தான்னு தரகர் சொல்றார் சார். அந்தக் கணக்குக்கே அட்வான்ஸ் வாங்கிடலாம்னு பையன் சொல்றான்" என்றார்.

எண்ணை விட்டுவிட்டு மேலே தலைப்பைப் படித்தேன். 'ஹெக் - ஏர்' என்று சுருக்கமாகப் போட்டிருந்தது. ஹெக்டேர், ஏர். கலப்பைக்கும் இந்த ஏருக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்தில் நான் 'ஆர்' என்று படித்ததுதான். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1795-ல் சட்டமாக்கிய மெட்ரிக் அளவு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். அப்படியானால் 2.50 ஏர் என்பது ஆறு சென்டுக்கும் மேல், ஏறக்குறைய 2,690 சதுர அடி.

அம்மாள் நம்பவில்லை. பையனைப் போய் டேப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஐம்பதுக்கு ஐம்பத்து நாலடி வந்தது.

அட்வான்ஸ் வாங்கவில்லை. பட்டா இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு பெயர் மாற்றம். திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு நானும் கூடப் போகிறேன்.